அணி போய்விட்டது, கடன் இருக்கிறது

2026 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ ஆகிய மூன்று நாடுகளுக்கு ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் 11 நகரங்கள். அந்தப் பட்டியலில் அந்நாட்டின் மூன்றாவது பெரிய நகரமான சிகாகோ இல்லை. 1994இல் இதே போட்டி அமெரிக்காவில் நடந்தபோது தொடக்க ஆட்டமே சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் மைதானத்தில்தான் நடந்தது. ஜெர்மனியும் பொலிவியாவும் மோதின. அப்படிப்பட்ட ஊர் 2018 மார்ச்சில் தானாகவே விலகிக்கொண்டது. ஃபிஃபாவின் நிபந்தனைகளை ஏற்றால் நகரத்தின் மீதும் வரி செலுத்துவோர் மீதும் எவ்வளவு சுமை விழும் என்பதற்கு உறுதி எதுவும் கிடைக்கவில்லை என்று மேயர் அலுவலகம் காரணம் சொன்னது.

கால்பந்து என்றால் விடிய விடிய விழித்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். உலகமே திரண்டு வரும் விருந்தை ஒரு பெரிய நகரம் வேண்டாம் என்று சொல்லுமா? சொல்வதற்கு சிகாகோவுக்குக் காரணம் இருந்தது. மைதானங்களுக்காகப் பொதுப் பணத்தை அடகு வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க அந்த நகரம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நகர மையத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் பிரிட்ஜ்வியூ இருக்கிறது.

பிரிட்ஜ்வியூ சட்டப்படி ஒரு 'வில்லேஜ்'. மக்கள்தொகை சுமார் 17,000. தொழிற்கூடங்களும் லாரிப் பணிமனைகளும் நடுத்தரக் குடும்பங்களின் சிறு வீடுகளும் நிறைந்த ஊர். அமெரிக்க முஸ்லிம்களுக்கு இந்தப் பெயர் நன்கு பழக்கமானது. ஃபலஸ்தீனிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் 1954இல் தொடங்கிய 'மாஸ்க் ஃபவுண்டேஷன்' என்ற மஸ்ஜித் அறக்கட்டளை, 1980களின் தொடக்கத்தில் இங்கேதான் பள்ளிவாசலைக் கட்டியது. அதைச் சுற்றி வீடுகள், இஸ்லாமியப் பள்ளிக்கூடங்கள், ஹலால் கடைகள், ரொட்டி அடுமனைகள் என்று வளர்ந்து, இன்று அந்த வட்டாரத்தையே 'குட்டி ஃபலஸ்தீன்' என்று அழைக்கிறார்கள். 2001 செப்டம்பர் 11க்கு மறுநாள் சில நூறு பேர் கொடி பிடித்து இந்தப் பள்ளிவாசலை நோக்கித்தான் ஊர்வலம் வந்தார்கள்; காவல்துறை நடுவில் நின்று தடுத்தது. பள்ளிவாசலுக்கு வரி விலக்கு உண்டு. அதன் நிழலில் வாழும் வீடுகளுக்கு இல்லை. ஆகவே இது விளையாட்டுப் பக்கச் செய்தி மட்டும் என்று நாம் கடந்து போக முடியாது.

ஒப்பந்தம்

சிகாகோ ஃபயர் என்ற கால்பந்து அணி 1997இல் உருவானது. தான் ஆடிய முதல் பருவத்திலேயே, 1998இல், எம்.எல்.எஸ். கோப்பையை வென்றது. ஆனால் அதற்கென்று சொந்தமாக ஒரு மைதானம் இல்லை. அமெரிக்கக் கால்பந்து ஆடப்படும் பிரம்மாண்டமான சோல்ஜர் ஃபீல்டில் வாடகைக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு வீடு கட்டித் தர பிரிட்ஜ்வியூ முன்வந்தது. ஊராட்சி தன் பெயரில் கடன் பத்திரங்களை வெளியிட்டு, ஏறத்தாழ 10 கோடி டாலர் செலவில் 20,000 இருக்கைகள் கொண்ட மைதானத்தை எழுப்பி, 2006 ஜூனில் திறந்தது. டொயோட்டா பார்க் என்று அப்போது பெயர். மைதானம் ஊராட்சியின் சொத்து. அணி அதில் ஆட, 2036 வரை குத்தகை.

ஊராட்சித் தலைவர்களின் கணக்கை நாம் கேலி செய்யத் தேவையில்லை. வருமானம் குறைந்த ஒரு தொழிற்பேட்டை ஊர், பக்கத்து ஊர்களுக்குக் கிடைக்காத ஒரு பெயர் தனக்குக் கிடைக்கும் என்று ஆசைப்பட்டது. ஆட்டத்துக்கு வருபவர்கள் சாப்பிடுவார்கள், தங்குவார்கள். மைதானத்தைச் சுற்றி ஓட்டல்களும் கடைகளும் வரும். அவற்றிலிருந்து வரும் வரியிலும் மைதான வருமானத்திலும் கடன் தானாக அடைந்துவிடும். இதுதான் கணக்கு. தாளில் பார்த்தால் அழகான கணக்கு.

அந்தக் கடன் பத்திரங்களுக்கு எதை ஈடாக வைத்தார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மைதானத்தின் வருமானம் போதவில்லை என்றால், ஊராட்சி தன் வரி விதிக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்திக் கடனைக் கட்டும் என்று உறுதி கொடுக்கப்பட்டது. பத்திரம் வாங்கிய முதலீட்டாளருக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. அணி தோற்றாலும், இருக்கைகள் காலியாகக் கிடந்தாலும், மழை வந்து கச்சேரி நின்றாலும் அவருக்கு அசலும் வட்டியும் வந்து சேரும். கொடுக்க வேண்டியவர்கள் அந்த ஊரில் வீடு வைத்திருப்பவர்கள்.

வருமானம் போதவில்லை. எம்.எல்.எஸ். லீக்கில் ஓர் அணி ஓராண்டில் சொந்த மைதானத்தில் ஆடும் வழக்கமான ஆட்டங்கள் இப்போது 17. வருடத்தில் 17 நாள் நிரம்பும் இடத்தை நம்பி ஓட்டல் கட்ட எந்த முதலாளியும் அவசரப்படமாட்டார். எதிர்பார்த்த வளர்ச்சி அங்கே வரவில்லை. நகரத்திலிருந்து நேராக ரயிலில் வந்து இறங்கவும் வழியில்லை. ரசிகர்கள் காரில்தான் வர வேண்டும், அல்லது ரயிலிலிருந்து இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். தவணை கட்டப் பணம் போதாதபோது ஊராட்சி புதுக்கடன் வாங்கிப் பழைய கடனை அடைத்தது. கடன் தள்ளிப் போனது, வட்டி ஏறியது. 2012இல் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் இதை ஆராய்ந்து எழுதியபோது, அந்தச் சிற்றூரின் கடன் 20 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. பத்தாண்டுக்கும் குறைந்த காலத்தில் ஊராட்சியின் சொத்து வரி ஏறத்தாழ மும்மடங்காகியிருந்தது. கடன் தர மதிப்பீட்டு நிறுவனம் பிற்பாடு அந்த ஊரின் பத்திரங்களை, சந்தை மொழியில் 'குப்பை' எனப்படும் தரத்துக்கு இறக்கியது. தரம் இறங்கினால் அடுத்த கடனுக்கு வட்டி கூடும். இது ஒரு சுழல்.

சொத்து வரி என்றவுடன், நம் ஊர் நகராட்சிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை கட்டும் தொகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் பள்ளிக்கூடம், நூலகம், தீயணைப்பு, பூங்கா எல்லாமே பெரும்பாலும் வீட்டு வரியில் ஓடுகின்றன. சாதாரண வீட்டுக்கும் ஆயிரக்கணக்கான டாலர் வரும். கட்டத் தவறினால் வீட்டின் மீதே கை வைப்பார்கள். வாடகைக்கு இருப்பவரும் தப்ப முடியாது. உரிமையாளர் வாடகையில் ஏற்றிவிடுவார்.

இங்கே ஒரு வேதனையான முரணையும் சொல்லியாக வேண்டும். வட்டிக்கு அஞ்சி, வங்கிக் கடன் வாங்காமல் பல வருடம் சேமித்தோ, உறவினர்களிடம் கைமாற்று வாங்கியோ, வட்டியில்லா முறையில் நிதி தரும் நிறுவனங்களைத் தேடிப் போயோ வீடு வாங்கும் முஸ்லிம் குடும்பங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு குடும்பம் பிரிட்ஜ்வியூவில் குடியிருந்தால், தான் வாங்காத கடனுக்கு, தான் ஒப்பாத வட்டியை, வருடந்தோறும் வரி வழியாகக் கட்டுகிறது. வரி கட்டுபவர் மீது மார்க்கத்தில் குற்றமில்லை. அது அவர் மீது சுமத்தப்பட்டது. சுமத்தியவர்கள் பதில் சொல்லும் இடம் வேறு.

இலாபம் ஓரிடம், நட்டம் ஓரிடம்

ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு இந்த ஒப்பந்தத்தில் கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆதாயம் யாருக்குச் சேருமோ நட்டத்தின் பொறுப்பும் அவருக்கே என்பது நம் சட்ட அறிஞர்கள் வியாபாரம் பற்றிய பாடங்களில் அடிப்படையாக வைத்த விதி. கூட்டு வியாபாரமான முஷாரகாவில் ஒருவர் இலாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நட்டத்தை முழுவதும் மற்றவர் தலையில் கட்ட முடியாது. அப்படி நிபந்தனை போட்டால் அந்த நிபந்தனை செல்லாது. பொதுப் பணத்தைப் பற்றி இன்னொரு விதி உண்டு. குடிமக்கள் விஷயத்தில் ஆட்சியாளர் செய்யும் எந்தச் செயலும் அவர்களுடைய நலனோடு கட்டப்பட்டது. அந்த நலன் நிரூபிக்கப்படவில்லை என்றால் செயலுக்கு அங்கீகாரம் இல்லை. பைத்துல்மாலின் பொறுப்பாளரை நம் முன்னோர் அநாதையின் சொத்தைக் காப்பவரோடு ஒப்பிட்டதற்குக் காரணம் இதுதான். தன் சொந்தக் காசாக இருந்தால் அவர் விரும்பியபடி துணிந்து இறங்கலாம். அடுத்தவர் காசில் துணிச்சல் காட்டக் கூடாது.

மைதான விவகாரத்தில் அணியின் மதிப்பு உயர்ந்தால் அது முதலாளிக்கு. 2006இல் மைதானம் திறந்தபோது அணி ஏ.இ.ஜி. என்ற நிறுவனத்திடம் இருந்தது. 2007இல் அதை வேறொரு முதலீட்டாளருக்கு விற்றார்கள். 2019இல் மார்னிங்ஸ்டார் நிறுவனத்தைத் தொடங்கிய ஜோ மான்சுவேட்டோ முழு உரிமையாளர் ஆனார். பதின்மூன்று வருடங்களில் மூன்று உரிமையாளர்கள். கடனாளி மட்டும் மாறவில்லை.

2019இல் அணி பிரிட்ஜ்வியூவை விட்டுக் கிளம்பியது. நகரத்துக்குள் சோல்ஜர் ஃபீல்டுக்கே திரும்பிவிட்டது. குத்தகை 2036 வரை இருந்ததால் சும்மா போக முடியவில்லை, 6.55 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. குத்தகைப் பத்திரத்தை இறுக்கமாக எழுதிய கைகளுக்கு இதில் நன்றி சொல்லத்தான் வேண்டும். கடனை எழுதி வைப்பது பற்றித் திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் இறங்கியிருக்கிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தொகையில் முன்பணம் 1 கோடி டாலர்தான். மீதியின் பெரும்பகுதி 2036 வரை தவணை தவணையாக. கடனோ அதைப் போல மும்மடங்கு.

மைதானம் இப்போது சீட்கீக் ஸ்டேடியம் என்ற பெயரில் நிற்கிறது. 2016 முதல் அங்கே ஆடி வந்த பெண்கள் அணியும் 2026 பருவத்திலிருந்து எவன்ஸ்டனுக்குப் போவதாக அறிவித்தது. 2024இல் ஓர் இசை விழா இங்கே வருவதாகச் சொல்லி, பிறகு மனம் மாறிப் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. வட்டார முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் பெருநாள் தொழுகைக்குக் கூடிய இடமும் இதுதான். அந்த நாளில் அங்கே ஸஃப் கட்டி நின்றவர்களில் பலர் அந்தப் புல்தரையின் விலையை இன்னும் கட்டிக்கொண்டிருப்பவர்கள்.

பொருளாதார அறிஞர்கள் பொதுவாக எதிலும் ஒத்துப் போகாதவர்கள். மைதான விஷயத்தில் மட்டும் அபூர்வமாக ஒத்துப் போகிறார்கள். 2017இல் சிகாகோ பல்கலைக்கழகம் அமெரிக்காவின் முன்னணிப் பொருளியலாளர்களிடம் கருத்துக் கேட்டபோது, மைதானங்களுக்குத் தரும் மானியத்தால் வரி செலுத்துவோருக்கு ஏற்படும் செலவு, ஊருக்குக் கிடைக்கும் பயனைவிட அதிகமாகவே இருக்கும் என்பதைப் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் ஏற்றார்கள். காரணம் எளிது. ஒரு குடும்பம் மாதத்தில் பொழுதுபோக்குக்கு ஒதுக்கும் தொகை ஓரளவு நிலையானது. மைதானத்தில் நூறு டாலர் செலவழித்தால் அந்த வாரம் தெருமுனை உணவகத்துக்குப் போகமாட்டார்கள். பணம் இடம் மாறுகிறது, கூடுவதில்லை. உணவகத்தில் செலவான காசு அந்த ஊரிலேயே புழங்கும். மைதானத்தில் செலவானதில் ஒரு பெரும் பங்கு வீரர்களின் சம்பளமாகவும் உரிமையாளரின் இலாபமாகவும் வேறெங்கோ போய்விடும்.

இந்த மானியம் ஓர் ஊரின் எல்லையோடு நிற்பதும் இல்லை. நகராட்சிப் பத்திரங்களின் வட்டிக்கு மத்திய வருமான வரி விலக்கு உண்டு. ப்ரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனம் 2016இல் கணக்கிட்டபடி, 2000க்குப் பிறகு கட்டப்பட்ட அல்லது பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்ட 45 மைதானங்களில் 36 இப்படிப்பட்ட பத்திரங்களால் எழுந்தவை. மத்திய அரசு இழந்த வருவாய் 320 கோடி டாலர். எந்த மைதானத்தையும் கண்ணால் பார்க்காத ஊர்க்காரர்களும் அதில் பங்கு கொடுத்திருக்கிறார்கள்.

புது மைதானம்

இப்போது சிகாகோ ஃபயர் அணிக்கு மறுபடியும் ஒரு மைதானம். 2025 ஜூனில் மான்சுவேட்டோ அறிவித்தார்: நகர மையத்தை ஒட்டி, ஆற்றங்கரையில் 'தி 78' என்று அழைக்கப்படும் காலி நிலத்தில், சுமார் 22,000 பேர் அமரும் மைதானம், செலவு 65 கோடி டாலர், முழுவதும் தன் பணம். அதே ஆண்டு செப்டம்பரில் நகர மன்றம் அனுமதி அளித்தது. 2028இல் திறப்பது இலக்கு.

பிரிட்ஜ்வியூவைப் பார்த்த கண்களுக்கு இது பெரிய முன்னேற்றம். தன் வியாபாரத்துக்குத் தன் பணத்தைப் போடுகிறார், நட்டம் வந்தால் தாங்கிக்கொள்வார். இதை மனமாரப் பாராட்டலாம். என்றாலும் இரண்டு விஷயங்களில் நம் கண் விலகக் கூடாது.

ஒன்று, அந்த நிலத்துக்கு 2019இலேயே டி.ஐ.எஃப். எனும் தனி வரி வட்டம் அமைக்கப்பட்டுவிட்டது. புரியும்படி சொன்னால் இப்படி: ஓர் இடத்தின் இன்றைய வரி வருமானத்தை ஓர் அளவில் நிறுத்திவிடுவார்கள். இனி அந்த இடம் வளர்ந்து கூடுதலாக வரும் வரி, பள்ளிக்கூடத்துக்கும் பூங்காவுக்கும் பிரிந்து போகாமல் ஒரு தனிப் பெட்டியில் விழும். அந்தப் பெட்டியிலிருந்து அதே இடத்தின் சாலை, ரயில் நிலையம், ஆற்றங்கரைச் சுவர் போன்றவற்றுக்குச் செலவழிப்பார்கள். சாலையும் வடிகாலும் பொதுச் சொத்துதான். அவற்றுக்குப் பொதுப் பணம் போவதில் தவறில்லை. ஆனால் எந்தச் சாலை எல்லாருக்கும், எந்தச் சாலை மைதான வாசலுக்கு மட்டும் என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். 'தனியார் பணம்' என்ற பெரிய எழுத்துக்குக் கீழே இந்தச் சிறிய எழுத்துகள் இருக்கும்.

இரண்டாவது நம்மை அதிகம் உறுத்துவது. மானியம் எப்போதும் ரொக்கமாக வருவதில்லை, நிலமாகவும் வரும். இதே அணியின் பயிற்சி மையம் நகரின் மேற்குப் பகுதியில், ஏபிஎல்ஏ என்ற பழைய பொதுக் குடியிருப்பு இருந்த நிலத்தில் அமைந்திருக்கிறது. ஏழைகளின் வீடுகளை இடித்தபோது, அவற்றுக்குப் பதிலாகப் புது வீடுகள் கட்டித் தருவதாக வீட்டு வசதி ஆணையம் வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கு முழுமையாக நிறைவேறும் முன்பே இருபது ஏக்கருக்கும் மேல் அணிக்குக் குத்தகைக்குப் போனது. வீட்டுக்காகப் பல்லாயிரம் குடும்பங்கள் காத்திருக்கும் நகரம் இது. குத்தகைப் பணம் அந்த ஆணையத்துக்கு வரும், அக்கம்பக்கத்துக்கு வேலை கிடைக்கும் என்ற வாதங்களும் உண்டு. அவற்றில் உண்மையில்லாமல் இல்லை. ஆனாலும் வக்ஃபு நிலம் எப்படியெல்லாம் கை மாறும் என்பதைத் தலைமுறைகளாகப் பார்த்து வந்த நமக்கு, ஒரு காரியத்துக்கென ஒதுக்கிய நிலம் 'நல்ல குத்தகை வருகிறது' என்ற சொல்லோடு வேறு காரியத்துக்குப் போகும்போது என்ன நடக்கிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் பொதுப் பணமே தரக் கூடாதா? மக்களிடம் கேட்டுவிட்டுத் தரட்டும் என்பது நம் கருத்து. செயின்ட் லூயிஸ் நகரம் 2017 ஏப்ரலில் அதைத்தான் செய்தது. புது கால்பந்து மைதானத்துக்கு நகரின் வரிப் பணத்தில் 6 கோடி டாலர் தரலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். அந்த ஊர் மக்கள் முந்தைய வருடம்தான் ஓர் அனுபவத்தைப் பெற்றிருந்தார்கள்: அவர்களுடைய அமெரிக்கக் கால்பந்து அணியான ராம்ஸ், லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பிப் போயிருந்தது, அந்த அணிக்காகக் கட்டிய மைதானத்தின் கடன் பாக்கி நின்றது. வேண்டாம் என்று வாக்களித்தார்கள். இனி இந்த ஊருக்குக் கால்பந்து அணியே வராது என்று அப்போது பலர் பயமுறுத்தினார்கள். என்ன ஆனது? அடுத்த ஆண்டே உள்ளூரின் செல்வக் குடும்பம் ஒன்று பெரும்பாலும் தன் பணத்தில் கட்ட முன்வந்தது. 2022இல் மைதானம் தயாரானது. 2023இல் செயின்ட் லூயிஸ் சிட்டி அணி லீக்கில் இறங்கியது. பொதுப் பணம் இல்லாமல் முடியாது என்று மேஜையைத் தட்டிச் சொல்பவர்கள், கதவு உறுதியாக மூடப்பட்டவுடன் தங்கள் பையைத் திறக்கிறார்கள்.

பிரிட்ஜ்வியூ மக்களிடம் அப்படி நேராகக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று இப்போது ஊகிப்பதில் பயனில்லை. அணியின் தவணைப் பணம் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும். குக் கவுன்ட்டியின் சொத்து வரிச் சீட்டும் வழக்கம் போல வருடத்துக்கு இரண்டு தவணையாக, பள்ளிவாசலைச் சுற்றியுள்ள வீடுகளின் தபால் பெட்டிகளுக்கு வந்துகொண்டிருக்கும். முதலாவது 2036இல் நின்றுவிடும்.